நன்றி நாளுக்கு ஒரு சீட்டு

ஆம்ஸ்டர்டாம்
18 மார்ச் 2019

மதிப்புக்குரிய மினா அக்காவுக்கு,

போனை நான் எடுக்கவில்லை என்று வருந்த வேண்டாம். எடுத்தால் கத்திவிடுவேன். கத்தினால் இன்னொரு ஜெபச் சீட்டு எழுத உங்களுக்குச் சாக்குக் கிடைத்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரியப்பா மகன் வில்லம் கூப்பிட்டான். "டேய் க்ரைன், போன புதன்கிழமை உனக்காக எழுநூறு பேரு ஜெபம் பண்ணியிருக்கோம். ஒடம்புல ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னான். ஜெப நாள் ஆராதனையில், மழைக்கும் விதைப்புக்கும் நோயாளிகளுக்கும் ஜெபித்த பிறகு போதகர் ஒரு சீட்டை எடுத்து வாசித்தாராம். "இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்று, உலக இன்பங்களால் இழுக்கப்பட்டு, பெருநகரத்தில் தேவனை மறந்து வாழும் ஓர் இளைய சகோதரனுக்காக அவன் குடும்பத்தார் ஜெபம் கேட்கிறார்கள்." பெயர் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? தோலென் தீவிலிருந்து வெளியேறி ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாத இளைய சகோதரன் அந்தச் சபையில் எத்தனை பேர்? வாசித்து முடிப்பதற்குள் எல்லாத் தலைகளும் உங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டனவாம்.

உலக இன்பங்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு விளம்பர அலுவலகத்தில் வாசகம் எழுதுகிறேன். லீக்கே என்ற பெண்ணோடு, ஆமாம், மணமுடிக்காமல், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் வாழ்கிறேன். சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பதும் துணி காயப்போடுவதும்தான் என் வார இறுதி இன்பங்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் எழுநூறு பேரிடம் சொன்னீர்கள்.

இன்னொரு செய்தி. மூப்பர் சங்கத்திலிருந்து எனக்கு ஒரு தபால் வந்திருக்கிறது. ஒன்று, என் உறுப்பினர் சான்றை வாங்கிக்கொண்டு இங்கே ஏதாவது ஒரு சபையில் சேர வேண்டும். இல்லையென்றால் என் பெயரைச் சபை ஏட்டிலிருந்து எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பரில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நன்றி நாளுக்குள் பதில் வேண்டுமாம். யானிஸ் அத்தானும் அந்தச் சங்கத்தில்தானே இருக்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கும். போன வாரம் வரை எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் இருந்தேன். உங்கள் சீட்டு எனக்கு வழிகாட்டிவிட்டது, நன்றி.

க்ரைன்


தோலென்
27 மார்ச் 2019

க்ரைன்,

"நீங்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் மீதிக் கடிதத்தைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்கு உன்னைச் சைக்கிள் பின்னால் வைத்து மிதித்தவள் நான். மழையில் என் முதுகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு "இன்னும் எவ்ளோ தூரம், இன்னும் எவ்ளோ தூரம்" என்று நச்சரித்தவன் நீ. இப்போது நான் உனக்கு மதிப்புக்குரியவளா?

மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஜெப நாளில் ஜெபம் கேட்காமல் வேறு என்றைக்குக் கேட்பது? அன்றைக்கு டிராக்டர்கள் கொட்டகையில் நிற்கின்றன, கடைகள் மூடியிருக்கின்றன, பள்ளிக்கூடம் இல்லை. ஊரே உட்கார்ந்து, இந்த வருஷத்துக்கு என்ன தேவை என்று கேட்கிறது. உன் அத்தான் வெங்காயத்துக்காகக் கேட்டார். எனக்குத் தேவை நீ. அதைக் கேட்டேன்.

தபால் விஷயம் அத்தானுக்குத் தெரியும். உன் பெயர் பட்டியலில் வந்தபோது எழுந்து வெளியே போய் நின்றாராம். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே அடுப்படி வரை வந்தார், அதிலேயே புரிந்துகொண்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். அங்கே சாப்பிடும்போது ஜெபிக்கிறாயா? லீக்கே என்ன நினைப்பாள், கூட வேலை பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. நீ கண்ணை மூடுகிறாயா என்றுதான் கேட்கிறேன்.

இதோடு பெப்பர்மிண்ட் மிட்டாய்ச் சுருள் ஒன்று வைத்திருக்கிறேன். ஆலயத்தில் பிரசங்கத்தின்போது நாம் சாப்பிடும் அதே வகை. பிரசங்கம் இல்லாமல் சாப்பிட்டாலும் ஜீரணமாகும் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அக்கா மினா


ஆம்ஸ்டர்டாம்
21 ஏப்ரல் 2019, உயிர்த்தெழுந்த ஞாயிறு

அக்கா,

உன் பெப்பர்மிண்ட்டை ஒரு கூட்டத்தின் நடுவில் வாயில் போட்டேன். முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. எதிரே இருந்தவர் விற்பனைக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், நானோ அவர் எப்போது பிரசங்கத்தின் இரண்டாம் பகுதிக்குப் போவார், எப்போது சங்கீதம் பாடுவோம் என்று காத்திருந்தேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிற்று. எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

வந்த புதிதில் ஜெபித்தேன். அலுவலக கேன்டீனில் தட்டை வைத்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்த மாதிரித் தேய்த்துக்கொண்டு ஜெபிப்பேன். சில நாள் ஷூ நாடா கட்டக் குனிவேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே தேவனைத் திட்டுகிறவர்கள் யாருமில்லை. திட்டினாலாவது சண்டை போட்டிருப்பேன், நம் வீட்டு ரத்தம் அப்படி. ஒருமுறை என் பக்கத்தில் உட்காரும் பையன் பார்த்துவிட்டு, "தலை வலிக்குதா க்ரைன்? மாத்திரை இருக்கு, வேணுமா?" என்று கேட்டான். பாசத்தோடுதான் கேட்டான். ஆமாம் என்று சொல்லி மாத்திரையை வாங்கி விழுங்கினேன். தலைவலி இல்லாதவன் தலைவலி மாத்திரை தின்றேன் அக்கா. அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதன் பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள் தட்டைக் கழுவும் இடத்தில் வைக்கும்போது திடீரென்று உறைத்தது, மூன்று வாரமாக நான் ஜெபிக்கவே இல்லை. விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுக்கவில்லை. மறந்துபோயிருந்தேன். ஒன்றும் நடக்கவும் இல்லை. சூப் அதே ருசியாகத்தான் இருந்தது. ரயில் நேரத்துக்கு வந்தது. நான் இழுக்கப்பட்டுப் போனேன் என்று எழுதினாயே, யாரும் என்னை இழுக்கவில்லை. கதகதப்பான அறையில் மேல்கோட்டை எங்கே வைத்தோம் என்று மறந்துபோகுமே, அப்படித்தான் ஆயிற்று.

என் வேலையும் அப்படி. சுற்றுலா நிறுவனம் ஒன்றுக்கு இந்த வருடம் ஒரு வரி எழுதினேன். "உழைத்தாய். இது உனக்கு உரியது." கடற்கரையில் ஒரு பெண் படுத்திருக்கும் படம், கீழே அந்த வரி. நாடு முழுவதும் ஒட்டப்போகிறார்கள். என் மேலாளருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதை எழுதாமல் முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. லீக்கே கருவுற்றிருக்கிறாள். செப்டம்பர் கடைசியில் குழந்தை. நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஆனாலும் உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

க்ரைன்


தோலென்
9 மே 2019

அன்புள்ள க்ரைன்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உன்னைத் திட்டினேன். இரண்டாவதில் அழுதேன். மூன்றாவது வேத வசனமாகவே இருந்தது, நானே படித்துவிட்டு எரிச்சலானேன். இது நான்காவது.

மணமுடிக்காமல் குழந்தை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படாது. அதை ஒருமுறை சொல்லிவிட்டேன், இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் கடிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு, கோழிக்குத் தீனி போடப் போனவள், போடாமலே திரும்பி வந்தேன். நான் அத்தை ஆகப்போகிறேன். எங்களுக்குப் பிள்ளையில்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ தலைவலி மாத்திரையைச் சொன்னாய். பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

என்னிடம் ஒரு டேப்லெட் இருக்கிறது. வெங்காய விலை பார்க்க அத்தான் வாங்கியது. நான் அதில் பழைய வீடுகளை இடித்துப் புதுப்பிக்கும் நிகழ்ச்சியைப் பார்க்கிறேன். தினமும். சபைக்குத்தான் டிவி ஆகாதே, அதனால் போர்வைகள் வைக்கும் அலமாரிக்குள் ஒளித்துவைத்துப் பார்க்கிறேன். போன மாதம் மூப்பர்கள் வீடு சந்திக்க வந்தார்கள், பெரியவர் போகார்டும் இன்னொருவரும். அவசரத்தில் நிறுத்தாமல் போர்வைக்கடியில் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது. காபி ஊற்றிக் கொடுத்தேன். போகார்ட் கேக்கைத் தொடாமல், குரலைத் தாழ்த்தி, "மினா, ஒலகம் இந்த வீட்டுக்குள்ள எந்த வழியா வருது? யோசிச்சுப் பாத்திருக்கியா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து அலமாரிக்குள்ளிருந்து ஒரு பொம்பளை, "ஐயையோ, இந்தக் குளியலறையப் பாருங்களேன்!" என்று கத்தினாள்.

அத்தான் சன்னலைப் பார்த்துக்கொண்டார். கூட வந்தவர் இருமினார். போகார்ட் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒங்க அலமாரி நல்லாப் பேசுது" என்றார். அவ்வளவுதான். ஜெபித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் மெதுவாக என்னிடம் சொன்னார். "எங்க வீட்ல அது மாடியில தையல் மிஷின் பொட்டிக்குள்ள இருக்கு. நான் பாக்குறது என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. சொல்லிப்புடாத."

இதற்குச் சிரித்துக்கொள். ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அந்தச் சீட்டு வாசிக்கப்பட்ட பிறகு ஒரு மாதம் என் வீட்டுக்குப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி சூப் கொண்டுவந்தாள், ஒருத்தி பேரிக்காய் கேக். "ஒனக்குத்தான் எவ்ளோ பாரம் மினா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது க்ரைன். தம்பியைத் தொலைத்த நல்ல அக்காவாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நீ உலகத்தால் ஏமாந்தாய் என்று எழுதினேன். என்னை ஏமாற்ற உலகம் ஆம்ஸ்டர்டாம்வரைகூடப் போகவேண்டியிருக்கவில்லை, என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சீட்டுக்காக என்னை மன்னித்துவிடு. உனக்காக ஜெபித்ததற்கு அல்ல. உன்னைக் கேட்காமல் ஊருக்குக் காட்டியதற்கு.

உன் விளம்பரப் படம் இங்கேயும் வந்துவிட்டது. ஆலயத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில். ஞாயிறு காலை தொப்பி வைத்துக்கொண்டு நாங்கள் வரிசையாகப் போகிறோம், அந்தக் கடற்கரைப் பெண் எங்களைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். அத்தான் நின்று வாசித்தார். "போன வருஷம் மழையில்லாம வெங்காயம் பாதிதான் வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும் இதே ஒழப்புதான் ஒழச்சேன், வைக்க எடமில்லாம கெடந்துச்சு. இதுல எனக்கு எது உரியதுன்னு ஒன் தம்பிகிட்டக் கேளு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்கச் சொன்னார்.

லீக்கேக்குக் காலையில் வாந்தி இருந்தால் காய்ந்த ரொட்டி கொடு.

அக்கா


ஆம்ஸ்டர்டாம்
2 ஜூலை 2019

அன்புள்ள அக்கா,

நீ வந்துபோன சனிக்கிழமையிலிருந்து வீடு வெங்காய வாசனையாகவே இருக்கிறது. ஒரு மூட்டை வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு யாராவது மூன்று ரயில் மாறி வருவார்களா? எங்கள் மாடிப்படி எவ்வளவு குறுகல் என்று பார்த்தாயே, நீயும் மூட்டையும் ஒன்றாக ஏற முடியாமல் கீழ்வீட்டுக்காரர் வந்து தூக்கிக்கொடுத்ததை லீக்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உனக்குத் தெரியாதது ஒன்றைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் நீ கண்ணை மூடியபோது லீக்கே முள்கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் நீ மறுபடி கண்ணை மூடினாய். அவள் கேட்டது நினைவிருக்கிறதா? "சாப்பிடுறதுக்கு முன்னாடிதான் பண்ணிட்டீங்களே மினா, மறுபடியுமா?" நீ சொன்னாய், "முன்னாடி கேக்குறோம்மா. அப்புறம் நன்றி சொல்றோம். கேக்கும்போது கதவைத் தட்டிட்டு, வாங்கினதும் திரும்பிப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்?" அதற்கு மேல் ஒரு வார்த்தை நீ பேசவில்லை. பேசுவாய் என்று பயந்துகொண்டே இருந்தேன். பாத்திரம் கழுவ எழுந்துவிட்டாய். அதற்கு உனக்கு நன்றி.

அத்தானின் கேள்வி அலுவலகத்திலும் என்னை விடவில்லை. அந்த வரி ஒரு பரிசு வாங்கியிருக்கிறது. எனக்குச் சம்பளம் ஏறியது, தனி அறை கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டியபோது யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும்போல வாய் திறந்தேன். பக்கத்தில் இருந்தவள், "யாருக்கு நன்றி சொல்ற, நீதான ஒழச்ச?" என்றாள். என் வரியையே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உன்னிடம் மறைக்க மனமில்லை. பெயரை எடுத்துவிடும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கோபத்தில் போட்டதல்ல. நம்பாத ஒன்றின் ஏட்டில் பெயரை வைத்திருப்பது பொய் என்று தோன்றுகிறது. அக்டோபரில் அனுப்பிவிடுவேன்.

க்ரைன்


தோலென்
20 ஆகஸ்ட் 2019

அன்புள்ள க்ரைன்,

வெங்காயம் பிடுங்கிப் போட்டாயிற்று, வயலில் காய்கிறது. கை நாறுகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

படிவம் இழுப்பறையில் இருக்கிறது என்பதை அத்தானிடம் சொல்லவில்லை. நான் மட்டும் சுமந்துகொண்டிருக்கிறேன். அனுப்பாதே என்று கெஞ்ச வேண்டும்போல இருக்கிறது. பொய் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளையாக நீ வளர்ந்ததற்குத் தேவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்போலவும் இருக்கிறது.

ஒன்று உறுதி. இனி நான் உன்னைப் பற்றி எந்தச் சீட்டும் எழுத மாட்டேன். நீ எந்த ஏட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என் மேசையில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் உன் பெயரும் லீக்கேயின் பெயரும் சொல்லப்படும். அதை எடுத்துவிட எந்தச் சங்கத்துக்கும் படிவம் கிடையாது.

குழந்தைக்குக் கம்பளிச் சட்டை இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் கை நீளம் கூடிவிட்டது. மடித்துவிடு.

அக்கா


ஆம்ஸ்டர்டாம்
3 அக்டோபர் 2019

என் அக்கா,

போனில் நான் அழுததில் உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இப்போது இருவரும் தூங்குகிறார்கள். வெயில் அடிக்கிறது. நிதானமாக எழுதுகிறேன்.

வீட்டில்தான் பிரசவம் என்று ஏற்பாடு. போன வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் குழந்தை பிறந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. மருத்துவச்சி சிரித்துக்கொண்டே குழந்தையை லீக்கே நெஞ்சில் வைத்தாள். கால் மணி நேரத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. லீக்கேக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் உனக்குத் தெரியுமே எங்கள் படிக்கட்டு, ஒரு மூட்டை வெங்காயமே ஏறாது. படுத்தபடி ஓர் ஆளை எப்படி இறக்குவது? தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார்கள். சன்னலைச் சட்டத்தோடு கழற்றினார்கள். மூன்றாம் மாடி சன்னல் வழியாக, தூக்கி இறக்கும் மேடையில், போர்வை சுற்றி லீக்கேயை வெளியே எடுத்தார்கள். கீழே தெருவே நின்றுவிட்டது. டிராம் நின்றது. சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். நான் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் இருந்த ஓட்டையில் நின்றேன். அவள் முகம் மாவு நிறத்தில் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைத் தேடவில்லை.

அப்போது ஜெபித்தேனா என்று நீ கேட்க மாட்டாய், ஆனால் நினைப்பாய். எனக்கே தெரியவில்லை அக்கா. "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால், யாரோ ஒருவரிடம்தான் சொன்னேன்.

பிழைத்துவிட்டாள். நான்கு பை ரத்தம் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். குழந்தை பிறந்தால் கொடுப்போமே, சின்ன இனிப்பு மிட்டாய் தூவிய ரஸ்க், அன்றைக்கு அதைச் செய்து வைத்திருந்தேன். தாய்க்கும் சேய்க்கும் உதவி செய்ய ஒரு வாரத்துக்கு ஒரு பணிப்பெண் வருகிறாள், ஹதீஷா என்று பெயர், மொரோக்கோ குடும்பம். மூவரும் மேசையில் இருந்தோம். சாப்பிட்டு முடித்தோம். லீக்கே எழுந்திருக்கவில்லை.

"க்ரைன், டாக்டருக்கு நன்றி சொல்லிட்டேன். நர்சுங்களுக்குச் சொல்லிட்டேன். தீயணைப்பு ஆளுங்களுக்குக் கேக் அனுப்பிட்டேன். ரத்தம் குடுத்தவங்க யாருன்னு கேட்டேன், அதச் சொல்ல மாட்டாங்களாம். நாலு பேரு. யாருன்னே தெரியாத நாலு பேரு எனக்குள்ள ஓடுறாங்க. நீ எழுதுவியே, இது உனக்கு உரியதுன்னு. சொல்லு, அந்த ரத்தம் எனக்கு உரியதா? நான் என்ன ஒழச்சேன் அதுக்கு?"

நான் தட்டில் சிந்திக்கிடந்த மிட்டாய்களை விரலால் ஒதுக்கினேன்.

"எல்லாருக்கும் சொல்லியும் முடியல. இன்னும் மிச்சம் இருக்கு. எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல. எங்க வீட்ல இதெல்லாம் சொல்லித் தரல. ஒங்கக்கா சாப்ட்டப்புறம் பண்ணாங்களே, அதப் பண்ணு."

"லீக்கே, எனக்கு நம்பிக்கை இருக்கான்னே எனக்குத் தெரியல."

"நம்பிக்கை இருக்கான்னு நான் கேக்கல. நன்றி சொல்லுன்னேன்."

பெரியவர்கள் செய்யும் ஜெபம் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. நீ சமையலறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள் ஜெபம் மட்டும்தான் வந்தது. ஏழு வயதில் சொன்ன அதே வேகத்தில், நடுவில் மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தேன். லீக்கே அழுதுகொண்டிருந்தாள். ஹதீஷா தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தபடி நின்றிருந்தாள். "ஆமீன்" என்றாள், அப்புறம் என்னைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவாச் சொல்லலாம் சார், அவருக்கு ஒண்ணும் அவசரம் இருக்காது" என்றாள். மூவரும் சிரித்தோம்.

நான் திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த வரியை இனி எழுதவே மாட்டேன் என்று வீரம் பேசவும் இல்லை, வாடகை கட்ட வேண்டும். ஆனால் எழுதப் போனால் கை நிற்கிறது. இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் மூப்பர்களுக்கு வேறொன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அத்தான் சொல்லுவார்.

குழந்தையின் பெயர் ரோஸ். முழுப் பெயர் ரோஸ் யாக்கொமினா. உன் முழுப் பெயரை வைக்கலாமா என்று லீக்கேதான் கேட்டாள். நான் தடுக்கவில்லை.

உன் தம்பி


தோலென்
7 நவம்பர் 2019

என் க்ரைன்,

நேற்று நன்றி நாள். மூன்று ஆராதனைக்கும் போனேன்.

முதலில் மூப்பர் சங்கத்துச் செய்தி. படிவத்தின் பின்பக்கத்தை அத்தான்தான் வாசித்தாராம். "நம்புகிறேன் என்று எழுதினால் பொய். நம்பவில்லை என்று கையெழுத்துப் போட்டேன், அதுவும் இப்போது பொய்யாகத் தெரிகிறது. இன்னும் ஒரு வருடம் என் பெயரை அங்கேயே விட்டுவையுங்கள்." சபைச் சட்டத்தில் அப்படி இடமில்லை என்று ஒருவர் தொடங்கினாராம். போகார்ட்தான், "ஒரு வருஷம் கேக்குறான்னா, கதவுகிட்ட நிக்கிறான்னு அர்த்தம். நிக்கிறவன் மூஞ்சியில யாராச்சும் சாத்துவாங்களா?" என்றாராம். விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆனால் நீ அனுப்பிய இன்னொன்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லவில்லை, அத்தானுக்கும் தெரியாது. ஆலயத்தைத் திறந்து பூட்டும் ஆரிக்குத் தபாலில் அனுப்பினாயாமே! அவனும் வாயைத் திறக்கவில்லை. காலை ஆராதனையில் விளைச்சலுக்கு நன்றி சொன்னார்கள். இந்த வருஷம் வெங்காயம் பரவாயில்லை. பிறகு போதகர் ஒரு சீட்டை எடுத்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "மார்ச் மாதம் ஜெப நாளில் நீங்கள் யாருக்காக ஜெபித்தீர்களோ அதே இளைய சகோதரன்," என்று ஆரம்பித்தார். "தன் வீட்டில் காக்கப்பட்ட இரண்டு உயிர்களுக்காகவும், தன்னை விட்டுவிடாத ஓர் அக்காவுக்காகவும் இந்தச் சபையோடு சேர்ந்து தேவனுக்கு நன்றி சொல்கிறான். இதற்கு மேல் சொல்ல அவனுக்கு இன்னும் தெரியவில்லை."

எழுநூறு தலைகளும் திரும்பின. இந்தத் தடவை எனக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் என் முகத்தை வைக்க எனக்கு இடமில்லை. தொப்பிக்குள் அழுதேன். அத்தான் என் கையைப் பிடித்தார். ஆலயத்தில் இதற்கு முன் அவர் என் கையைப் பிடித்தது எங்கள் கல்யாணத்தன்றுதான். பின் பெஞ்சிலிருந்து வில்லம், "ஒடம்புல தெரிஞ்சிருக்கு" என்று கிசுகிசுத்தான். அவனுக்கும் குரல் உடைந்திருந்தது.

மார்ச்சில் நான் கேட்டது இது இல்லை க்ரைன். நீ கறுப்புக் கோட்டுப் போட்டு என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கேட்டேன். கிடைத்தது வேறு. ஆனால் கிடைத்ததற்குத் திரும்பிப் பார்த்து நன்றி சொல்லாமல் போனால் நல்லாவா இருக்கும்?

பிரசங்கம் தொடங்கும்போது பெப்பர்மிண்ட் பெஞ்சில் கைமாறி வந்தது. நான் யோசிக்காமல் இரண்டு எடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உனக்கு ஒன்று எடுத்துத் தந்த பழைய பழக்கம், கைக்கு மறக்கவில்லை. உனக்கானது இந்த உறைக்குள் இருக்கிறது.

ரோஸுக்கு என் முத்தம். லீக்கேயிடம் சொல், அவள் மிச்சம் வைத்ததை நேற்று நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து சொல்லி முடித்துவிட்டோம் என்று.

அக்கா


ஆம்ஸ்டர்டாம்
9 நவம்பர் 2019, சனிக்கிழமை

என் அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இரண்டு தடவை படித்தேன், இரண்டாம் தடவை லீக்கேக்காகச் சத்தமாக. ரோஸ் நடுவில் ஏப்பம் விட்டாள், அதையும் கேட்டுக்கொள்.

மிச்சத்தைச் சொல்லி முடித்துவிட்டீர்கள் என்று நீ எழுதியதை லீக்கே ஒத்துக்கொள்ளவில்லை. "அது அவங்க சொன்னது. நான் இன்னும் சொல்லலையே" என்கிறாள்.

பெப்பர்மிண்ட்டை எடுத்து வாயில் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எப்போ சாப்பிடுறது?"

"பிரசங்கம் ஆரம்பிக்கும்போது."

அதை என் விரலிலிருந்து வாங்கி, குழந்தையின் கம்பளிச் சட்டைப் பக்கத்தில், புதிதாகப் பொருத்திய சன்னலின் விளிம்பில் வைத்தாள்.

"அப்போ இப்ப திங்கக் கூடாது" என்றாள். "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான?"

க்ரைன்